போர் தண்ணி ரிசல்ட்ல என்ன ரகசியம்?

கேள்வி: நாங்க ராணிப்பேட்டை பக்கம். ரெண்டு மாசம் முன்ன ஒரு ஆபீஸ்லேர்ந்து வந்து எங்க தெரு போர் தண்ணிய ரெண்டு பாட்டில்ல புடிச்சிட்டுப் போனாங்க. ரிசல்ட் கேட்டா "உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம், கம்பெனி சம்பந்தப்பட்ட விஷயம்"னு அனுப்பிட்டாங்க. எழுதிக் குடுத்தா தருவாங்களா?
- வாசகர், வாலாஜா

பதில்: தந்துதான் ஆகணும். முதல்ல, "இன்னாத்துக்கு"னு கேக்கவே அவங்களுக்கு உரிமை கிடையாது, தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2)லயே மனுதாரர் காரணம் சொல்லத் தேவையில்லனு இருக்கு. இன்னும் சொல்லப்போனா நீங்க மனு போடுற நிலைமையே வந்திருக்கக் கூடாது, ஏன்னா பிரிவு 4 படி ஆபீஸே இந்த மாதிரி தகவல நோட்டீஸ் போர்டு, பேப்பர், இன்டர்நெட்னு ஜனங்களுக்குப் புரியுற பாஷையில தானா வெளியிடணும். நம்ம ஊர்ல நோட்டீஸ் போர்டுல போன வருஷத்து ஏல அறிவிப்புதான் தொங்கும், அது வேற கதை.

கம்பெனி விஷயம்ங்கிறாங்களே, வியாபார ரகசியத்துக்கு 8(1)ல விலக்கு இருக்கறது உண்மைதான், ஆனா பொதுநலன் பெருசுன்னா அதையும் குடுக்கணும்னு அங்கயே எழுதியிருக்கு. உங்க போர் தண்ணில என்ன இருக்குங்கிறது யாரோட ரகசியம்? பாலாத்துல தோல் பதனிடுற கம்பெனிங்க கழிவு கலந்த கேஸ்லதான் 1996ல சுப்ரீம் கோர்ட்டு, பாதிப்பில்லனு நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துறவங்க பொறுப்புன்னுச்சு. அந்த கேஸே நம்ம வேலூர் பேர்ல இருக்குறதுதான்.

மனுவுல "தண்ணி ஏன் கெட்டுச்சு"னு எழுதாதீங்க, அது கேள்வி, தகவல் இல்லனு தள்ளிடுவாங்க. "இந்தத் தேதில இந்தத் தெருவுல எடுத்த தண்ணியோட ஆய்வறிக்கை நகல்"னு எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஆபீஸோட பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க, ரசீத தொலைச்சிடாதீங்க. 30 நாள்ல பதில் வரணும், தாண்டிடுச்சுன்னா நகலுக்குக் காசு கேக்கக் கூடாது. வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல்முறையீடு, அங்கயும் இழுத்தா 90 நாளுக்குள்ள சென்னையில இருக்குற மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் ஒரு நாளைக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அந்த அலுவலர் சம்பளத்துலேர்ந்தே புடிக்கலாம்.

ரிசல்ட் வந்ததும் குரோமியம் (தோல் பதனிடுறதுல பயன்படுற உலோகம்) வரிய முதல்ல பாருங்க, குடிதண்ணிக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் லிமிட். அதுவரைக்கும் அந்தத் தண்ணிய காய்ச்சி குடிக்கலாம்னு யார் சொன்னாலும் கேக்காதீங்க, காய்ச்சினா குரோமியம் போகாது.