பொலிஸ் நிலையத்தில் தமிழில் முறைப்பாடு: உங்கள் தந்தையின் உரிமை

கேகாலையில் உங்கள் தந்தையின் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கியதோடு, தமிழில் கேட்டதற்கு "இந்தியாவுக்குப் போ" என்றும் சொன்னார்கள் என எழுதியிருந்தீர்கள். படித்து மனம் கொதித்தது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 2003 வரை குடியுரிமைக்காகக் காத்திருந்த இந்திய வம்சாவளி மலையக மக்களிடம் சொல்லப்படும்போது அச்சொல்லின் கொடுமை இன்னும் கூடுகிறது.

சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் அலுவல்களை நடத்தவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. ஆகவே உங்கள் தந்தை எவரிடமும் சலுகை கேட்கவில்லை. நடந்ததை, நாள், நேரம், முறைப்பாட்டு இலக்கம் ஆகியவற்றோடு தமிழிலேயே எழுதி, ராஜகிரியவிலுள்ள அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதியொன்றை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் கொடுங்கள்.

மொழி உரிமை மீறலுக்காக 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் அதற்கான காலம் ஒரு மாதம் மட்டுமே என்பதால், ஆணைக்குழுக்களின் பதிலுக்காகக் காத்திராமல் இந்த வாரமே ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள். தந்தை தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். அதே நிலையத்துக்கு அவர் மீண்டும் போக வேண்டியிருக்கும் என்ற அச்சம் நியாயமானதே. அப்படிப் போகும்போது சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும்.