வெறுங்கைக் குத்து 'மெலீ வெப்பன் அட்டாக்' ஆகுமா?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டுக்கு நான் எழுதும் துணை விதிநூலில் 'மெலீ வெப்பன் அட்டாக்' (அருகில் நின்று செய்யும் ஆயுதத் தாக்குதல்) என்று போட்டிருக்கிறேன். மெய்ப்பு பார்த்த நண்பர், வெறுங்கைக் குத்தும் அதில் சேருமா என்கிறார்.

பதில்: நண்பருக்கு நல்ல கண். 2014 விதிநூலின்படி சேரும். அங்கே அது தாக்குதல் வகையின் பெயர். கையில் ஆயுதம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் 'அட்டாக் வித் எ மெலீ வெப்பன்' (கைச்சண்டை ஆயுதத்தைக் கொண்டு தாக்குதல்) என்று எழுதினால் குத்து விலகிவிடும், அது ஆயுதமல்லவே! (தொடக்க அச்சில் ஆயுதப் பட்டியலிலேயே குத்தைச் சேர்த்திருந்தார்கள், பிறகு பிழைதிருத்தத்தில் எடுத்தார்கள். குழப்பம் கொஞ்சமா?)

பாலடின் என்ற புனித வீரப் பாத்திரத்தின் டிவைன் ஸ்மைட் (அடி பட்டதும் கூடுதல் சேதம் தரும் திறன்) மாட்டிக்கொண்டதும் இங்கேதான். 2014 நூலில் அந்த விதியின் தொடக்கம் குத்தையும் அனுமதிப்பதுபோல இருக்கும். 'ஆயுதத்தின் சேதத்தோடு கூடுதலாக' என்ற அடுத்த துண்டு தடுத்துவிடும். 2024 பதிப்பில் ஆயுதம், வெறுங்கைக் குத்து இரண்டையும் பெயர் சொல்லியே எழுதிவிட்டார்கள்.

நீங்களும் அப்படியே எழுதுங்கள். இலக்கணப்பிழையை யாரும் மன்னிப்பார்கள். இரட்டைப் பொருள் வந்தால் ஆட்டம் பாதியில் நிற்கும். கோப்பு முழுக்க 'அட்டாக்' என்று தேடி, ஒவ்வொரு இடத்திலும் "குத்தினால் செல்லுமா?" என்று கேட்டுப் பாருங்கள். என் கணிப்பில் இரண்டு மூன்றாவது சிக்கும்.