மொனாக்கோ 2024 மாதிரி சலிப்பான ஃபார்முலா 1 (எஃப்1) கார் ரேஸைப் பார்த்து ரசிகர்கள் கோபப்படுவது நியாயமா? அப்படிப்பட்ட ரேஸ் ஓட்டுநர்களின் எதிர்காலத்தை மாற்றுமா?

கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தை ஓட்டுநர்கள் மேல் கொட்டியது நியாயமில்லை. இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அப்படிப்பட்ட ரேஸில் ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஓட்டி யாரும் தன் எதிர்காலத்தை உயர்த்திக்கொள்ள முடியாது, கெடுத்துக்கொள்ள மட்டும் முடியும். உயர்த்திக்கொள்ளும் வேலையெல்லாம், யார் எந்த இடத்தில் கிளம்புவார் என்று முடிவாகும் சனிக்கிழமைத் தகுதிச் சுற்றிலேயே முடிந்துவிடுகிறது.

அந்த ரேஸைப் பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 மே 26. முதல் லேப்பிலேயே (முதல் சுற்றிலேயே), முதல் திருப்பம் தாண்டி மேட்டில் ஏறும்போது ரெட் புல்லின் செர்ஜியோ பெரெஸும் ஹாஸ் அணியின் கெவின் மாக்னுசனும் மோதினார்கள். இன்னொரு ஹாஸில் இருந்த ஹுல்கன்பெர்க்கும் அதில் மாட்டிக்கொண்டார். மூன்று கார்கள் காலி, தடுப்பு வேலி நாசம், ரேஸை நிறுத்தும் ரெட் ஃபிளாக். ரேஸ் நிற்கும்போது டயர் மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. இரண்டு வகை டயர் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் அந்த மாற்றத்திலேயே தீர்ந்துபோகும். எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள். அதாவது 78 லேப் ரேஸில் இருந்த ஒரே ஒரு வியூகக் கணக்கும் முதல் லேப்பிலேயே தீர்ந்தது. முதல் ஐந்து இடங்களில் வந்தவர்கள் அதன்பிறகு டயர் மாற்றும் இடமான பிட் பக்கமே வரவில்லை.

முடிவில் முதல் பத்து பேரும் எந்த வரிசையில் கிளம்பினார்களோ அதே வரிசையில் வந்து சேர்ந்தார்கள். எஃப்1 வரலாற்றிலேயே அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. முன்னால் போன ஃபெராரியின் லெக்லெர்க் டயரைக் காப்பாற்றவும் பின்னால் வருபவர்களுக்கு இடம் இழக்காமல் இலவசமாக ஒரு பிட் ஸ்டாப் (டயர் மாற்ற நிற்பது) கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். ஆறாவது இடத்தில் சிக்கிக்கிடந்த ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பன், தலையணை கொண்டுவந்திருக்கலாம் என்று ரேடியோவிலேயே சொன்னார். உலகச் சாம்பியனே அப்படிச் சொல்லும்போது, ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஃபேன்கோடு ஆப்பில் நேரலை பார்க்க உட்கார்ந்த நம்மாட்கள் கோபப்படுவதில் என்ன தப்பு? எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் பாதிப் பேர் முப்பதாவது லேப்பிலேயே கழன்றுகொண்டார்கள். மொனாக்கோவைக் காலண்டரிலிருந்தே தூக்க வேண்டும் என்று வாதம் கிளம்பியது. அந்த வாதம் வருடா வருடம் வருவதுதான், ஆனால் அந்த வருடம் மறுத்துப் பேச எனக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஏன் யாராலும் தாண்ட முடியவில்லை என்றால், இடம் இல்லை, அவ்வளவுதான். சுற்றுப்பாதை 3.337 கிலோமீட்டர். ஊருக்குள் இருக்கும் தெருக்கள். 2017-லிருந்து காரின் அகலம் இரண்டு மீட்டர், நீளம் ஐந்து மீட்டருக்கு மேல், குறைந்தபட்ச எடை அந்த வருடம் 798 கிலோ. இவ்வளவு பெரிய வண்டியை அந்தத் தெருவில் இன்னொரு வண்டிக்குப் பக்கத்தில் நுழைப்பது என்பது முன்னால் இருப்பவர் வழிவிட்டால்தான் நடக்கும். 2018-ல் இதே இடத்தில் ரிக்கார்டோவின் ரெட் புல்லில் மின்சக்திப் பகுதி பழுதாகி, பாதி ரேஸுக்கு மேல் குறைந்த சக்தியோடு ஓட்டி ஜெயித்தார். பின்னால் முழு பலத்தோடு வந்த ஃபெராரியில் வெட்டல் இருந்தார், தாண்ட முடியவில்லை. 2024-லும் வெர்ஸ்டாப்பன் பாதிக்குப் பிறகு புது டயர் போட்டுக்கொண்டு, முன்னால் ஐந்தாவதாகப் போன மெர்சிடிஸின் ரஸ்ஸலைப் பிடித்துவிட்டார். முடிவில் இருவருக்கும் நடுவில் ஒரு வினாடிகூட இல்லை. ரஸ்ஸலிடம் இருந்ததோ முதல் லேப்பில் போட்ட பழைய டயர். அப்படியும் தாண்ட முடியவில்லை. இதில் ஓட்டுநருக்குத் தைரியம் இல்லை என்று எழுதியவர்களைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

சரி, எதிர்காலம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் அந்த ரேஸிலேயே முக்கியமான பகுதி.

2024 வசந்த காலத்தில் எஃப்1-ல் சீட் சந்தை, அதாவது அடுத்த வருடம் யார் எந்த அணியில் என்ற பேரம், கொதித்துக்கொண்டிருந்தது. ஹாமில்டன் ஃபெராரிக்குப் போகிறார் என்று பிப்ரவரி முதல் தேதியே அறிவித்துவிட்டார்கள். அதனால் அங்கே இருந்த சைன்ஸுக்கு வேலை போயிற்று. மெர்சிடிஸில் ஓர் இடம் காலி. ரெட் புல்லில் பெரெஸின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. ஆல்பைன், ஹாஸ், சாபர் எல்லாவற்றிலும் கதவு திறந்திருந்தது. இந்த நிலைமையில்தான் அந்தச் சலிப்பான ரேஸ் நடந்தது.

ஆல்பைன் ஓட்டுநர் ஒக்கோனைப் பாருங்கள். முதல் லேப்பிலேயே, சுரங்கத்துக்கு முன்னால் வரும் போர்ட்டியே திருப்பத்தில், தன் அணியைச் சேர்ந்த காஸ்லியை உள்பக்கமாகத் தாண்டப் பார்த்தார். சக்கரத்தோடு சக்கரம் உரசி இவருடைய கார் அந்தரத்தில் எழும்பி விழுந்தது. அவருடைய ரேஸ் அங்கேயே முடிந்தது. அன்றைக்கே ஆல்பைன் தலைவர் புருனோ ஃபாமின், இதற்கு விளைவு இருக்கும் என்று டிவியில் சொன்னார். அடுத்த ரேஸான கனடாவில் ஐந்து இடம் பின்னால் போகும் தண்டனையும் கிடைத்தது. ஜூன் 3-ஆம் தேதி, வருடக் கடைசியில் ஒக்கோனும் ஆல்பைனும் பிரிகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. மொனாக்கோதான் காரணம் என்று அணி சொல்லவில்லை. ஒப்பந்தம் எப்படியும் முடியப்போகிறது, பேச்சும் முன்பே நடந்திருக்கும். ஆனால் பேச்சுவார்த்தை நடக்கும் சமயத்தில் சொந்த அணியின் காரோடு மோதுவது மாதிரி ஒரு கெட்ட நேரம் இல்லை. அதைவிட மோசம், சமூக வலைத்தளங்களில் அந்த மனிதருக்குக் கிடைத்த வசை. தவறு தன்னுடையது என்று அவரே அன்றைக்கே ஒப்புக்கொண்டார். அப்புறமும் விடவில்லை. கடைசியில் அவர் அதைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. ரேஸ் சுவாரசியமாக இருந்திருந்தால் அந்த மோதலை இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். பேச வேறெதுவும் இல்லாததால் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஜூலையில் அவர் 2025-க்கு ஹாஸில் சேர்வது உறுதியானது.

பெரெஸ் கதை இன்னும் பேசவேண்டியது. விபத்தை விடுங்கள், பின்வரிசையில் கிளம்பினால் அப்படித்தான் நடக்கும். அவர் ஏன் பின்வரிசையில் இருந்தார் என்பதுதான் கேள்வி. தகுதிச் சுற்றில் 18-ஆவது. இரண்டு ஹாஸ் கார்களும் பின் இறக்கை அளவில் தவறியதற்காக நீக்கப்பட்டதால் 16-ஆவது இடத்தில் கிளம்பினார். அதே அணியின் வெர்ஸ்டாப்பனுக்கே அன்று ஆறாவது இடம்தான், எட்டு ரேஸ்களாக அவர் தொடர்ந்து எடுத்துவந்த போல் (முதலிடத்தில் கிளம்பும் உரிமை) அங்கேதான் அறுந்தது. கார் தெருச் சுற்றுக்குப் பொருந்தவில்லை என்பது உண்மை. ஆனால் ஆறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் காரின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இதைப் பார்த்துவிட்டும் ஜூன் 4-ஆம் தேதி ரெட் புல் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டித்தது. அன்றைக்கு எங்கள் குழுவில் நடந்த சண்டை ரேஸைவிடச் சூடாக இருந்தது. வருடக் கடைசியில் பெரெஸ் எட்டாவது இடத்தில் 152 புள்ளிகளோடு முடித்தார், ரெட் புல் அணிகளுக்கான பட்டியலில் மூன்றாவதுக்கு இறங்கியது, டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டார்கள். மொனாக்கோ சனிக்கிழமை காட்டியதை அணி அப்போதே நம்பியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிறகு அவர் 2026-க்காகக் காடிலாக் அணியில் இடம் பிடித்தார். அதற்காக எனக்கு மகிழ்ச்சிதான், நல்ல ஓட்டுநர், தவறான காரில் மாட்டிக்கொண்டவர்.

சைன்ஸ் இதற்கு நேர் எதிர். முதல் திருப்பத்தில் மெக்லாரனின் பியாஸ்ட்ரியோடு உரசி டயர் பஞ்சர், கசினோ பக்கம் நின்றேவிட்டார். ரெட் ஃபிளாக் வந்து பழைய வரிசையையே திரும்ப வைத்ததால் மூன்றாவது இடத்திலேயே மறுபடி கிளம்பி மூன்றாவதாகவே முடித்தார். அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த வருடம் மார்ச்சில் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டே வாரத்தில் மெல்போர்னில் ஜெயித்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் ரெட் புல்லோ மெர்சிடிஸோ கதவைத் திறக்கவில்லை. ஜூலை 29-ஆம் தேதி வில்லியம்ஸ் அறிவிப்பு வந்தபோது இது அநியாயம் என்று நான் பொருமினேன். 2025-ல் பாகுவிலும் கத்தாரிலும் வில்லியம்ஸை முதல் மூன்று பேருக்கான மேடையில் ஏற்றிவிட்டார். அந்த இரண்டு நாளும் எனக்குத் திருவிழா.

ஞாயிறு முடிவு ஓட்டுநரின் தரத்தைச் சொல்லாத நாட்கள் எஃப்1-ல் நிறைய உண்டு. நம் நரேன் கார்த்திகேயன் இதற்குச் சரியான சாட்சி. 2005 இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் பாதுகாப்புப் பயத்தால் ரேஸுக்கு முன் ஓட்டும் ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் உள்ளே திரும்பிவிட்டன. மீதி ஆறு கார்கள் மட்டும் ஓடின. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் கத்தினார்கள், பாட்டில் வீசினார்கள். அந்த ரேஸில்தான் கோயம்புத்தூர்க்காரர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் வாங்கினார். ஓர் இந்தியர் எஃப்1-ல் எடுத்த முதல் புள்ளிகள் அவை. ஆனால் அந்த நான்காவது இடம் அவருக்கு அடுத்த வருட சீட்டை வாங்கித் தரவில்லை. 2006-ல் வில்லியம்ஸில் சோதனை ஓட்டுநராகத்தான் போனார்.

2021-ல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் நேர்மாறாக நடந்தது. மழையில் மணிக்கணக்காகக் காத்திருந்த ரசிகர்களுக்கு, யாரும் யாரையும் தாண்டக் கூடாத சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்ந்த சில லேப்களைத்தான் காட்டினார்கள். பாதிப் புள்ளிகள் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஹாமில்டனே சொன்னார். அந்த நாளில் இரண்டாவது இடம் ஜார்ஜ் ரஸ்ஸலுக்கு, அதுவும் வில்லியம்ஸில். ரேஸில் அவர் யாரையும் தாண்டவில்லை. முந்தைய நாள் தகுதிச் சுற்றில் கொட்டும் மழையில் அவர் ஓட்டிய ஒரு லேப்தான் அந்த இடத்தைக் கொடுத்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி மெர்சிடிஸ் அவரை அறிவித்தது. பேச்சு முன்பே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த லேப்பைப் பார்த்த யாருக்கும் அந்த முடிவில் சந்தேகம் வந்திருக்காது.

மொனாக்கோவைச் சரிசெய்யப் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். 2025-ல் மூன்று செட் டயர் கட்டாயம், அதாவது குறைந்தது இரண்டு பிட் ஸ்டாப். விளைவு இன்னும் மோசமானது. ரேசிங் புல்ஸ் அணி லாசனை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பின்னால் வந்தவர்களையெல்லாம் அடைத்து, அதே அணியின் ஹாஜாருக்கு ஆறாவது இடம் வாங்கிக்கொடுத்தது. வில்லியம்ஸும் அதையே செய்தது. பொறுமையிழந்த ரஸ்ஸல் சிகேனை (அடுத்தடுத்து வளையும் திருப்பத்தை) வெட்டிக்கொண்டு வில்லியம்ஸின் ஆல்பனைத் தாண்டி, தண்டனையைத் தாராளமாக வாங்கிக்கொண்டார். முதல் நான்கு பேர் மறுபடியும் கிளம்பிய வரிசையிலேயே. பிட் ஸ்டாப்பைக் கூட்டினால் தெரு அகலமாகிவிடாது. 2026 கார்கள் பத்து சென்டிமீட்டர் ஒடுக்கம், முப்பது கிலோ குறைவு. நல்ல திசைதான், ஆனால் என் கணக்கில் போதாது. சுரங்கத்துக்குப் பிறகு வரும் சிகேனைத் தள்ளி வைத்து பிரேக் பிடிக்கும் தூரத்தை நீட்டினால்தான் ஏதாவது நடக்கும். மொனாக்கோவின் ஒப்பந்தம் இன்னும் பல வருடம் இருப்பதால் தூக்கிவிடுங்கள் என்று கத்துவதைவிட இதைக் கேட்பது பயன் தரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் 2024-ஐ முழுக்க வீண் என்று என்னால் சொல்ல முடியாது. லெக்லெர்க் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர். 2021-ல் போல் எடுத்தும் கார் உடைந்து கிளம்பவே முடியவில்லை. 2022-ல் போலிலிருந்து கிளம்பி அணியின் பிட் குளறுபடியால் நான்காவது. அவரை ரேஸ் ஓட்டுநராக்கிய அப்பா 2017-ல் இறந்துவிட்டார். கடைசி லேப்களில் அப்பாவை நினைத்துக் கண் கலங்கியதாக அவரே பிறகு சொன்னார். 1931-ல் லூயி ஷிரோன் ஜெயித்த பிறகு சொந்த ஊரில் ஜெயித்த முதல் மொனாக்கோக்காரர். மெதுவான ரேஸ்தான், ஆனால் 78 லேப்பும் சுவருக்கு ஒட்டி, முந்தைய இரண்டு ஏமாற்றங்களையும் மனதில் சுமந்துகொண்டு ஓட்டுவது சின்ன விஷயமில்லை. நான் கடைசி லேப் வரை பார்த்தேன். கழன்றுகொண்ட நண்பர்களை அன்றைக்கும் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் மொனாக்கோ வாரத்தில் நேரம் ஒதுக்க ஒரே நாள்தான் இருக்கிறது என்று யாராவது கேட்டால், சனிக்கிழமை தகுதிச் சுற்றைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அடுத்த வருடம் யார் எந்தக் காரில் இருப்பார்கள் என்பதற்கான துப்பும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது.