மூன்று தடவை ஒன்பது லட்சம்: வங்கிக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஈரோட்டில் மூவர் கூட்டாக மஞ்சள் மண்டி நடத்துகிறோம். ஒருவர் 12 விழுக்காடு முதல் போட்டதோடு சரி, நிர்வாகத்துக்கு வருவதில்லை. 2019-இல் நடப்புக் கணக்கு தொடங்கியபோது அவரைப் பற்றிக் கேட்காத வங்கி, இப்போது அவருடைய பான், முகவரிச் சான்றெல்லாம் கேட்கிறது. சென்ற மாதம் வசூலான ரொக்கத்தைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி ஒன்பது ஒன்பது லட்சமாக மூன்று தடவை கட்டினோம். இப்போது கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை. மேலாளரும் காரணம் சொல்லவில்லை. எங்கள் மீது வழக்கு வருமா?

பதில்: உங்கள் பங்குதாரரைப் பற்றிய கேள்வி உங்களைச் சந்தேகித்து எழுந்ததன்று. குற்றவழியில் வந்த பணத்தை நல்ல பணமாகக் காட்டுவதைத் தடுக்கும் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழான 2005-ஆம் ஆண்டு விதிகள், கூட்டாண்மை நிறுவனத்தின் மூலதனத்திலோ இலாபத்திலோ 15 விழுக்காட்டுக்கு மேல் உரிமை உள்ளவரையே முன்பு பயனுரிமையாளராக, அதாவது நிறுவனத்தின் உண்மையான உரிமையாளராக, கருதின. 2023 செப்டம்பரில் அந்த வரம்பு 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 12 விழுக்காடு வைத்திருப்பவர் அன்று வரம்புக்கு வெளியே இருந்தார், இன்று உள்ளே வந்துவிட்டார். அவருடைய ஆவணங்களைக் கூட்டாண்மைப் பத்திரத்தின் நகலோடு உடனே கொடுத்துவிடுங்கள்.

கவலைக்குரியது அந்த ஒன்பது லட்சம்தான். பத்து லட்சத்தைத் தாண்டாமல் கட்டினால் வங்கி மேலே அறிக்கை அனுப்பாது என்பது மண்டிகளில் வெகுகாலமாக உலவும் தவறான யோசனை. ஒன்றோடொன்று தொடர்புடைய ரொக்க வரவுகள் ஒரே மாதத்தில் மொத்தமாகப் பத்து லட்சத்தைத் தாண்டினால், தனித்தனித் தொகை பத்து லட்சத்துக்குக் குறைவாக இருந்தாலும், அவற்றை மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டியது வங்கியின் கடமை. நீங்கள் கட்டியதோ 27 லட்சம். முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்டியிருந்தால் வழக்கமான ரொக்க அறிக்கையோடு முடிந்திருக்கக்கூடியது, பிரித்துக் கட்டியதாலேயே சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைக்கு இடம் தருகிறது. அப்படி ஓர் அறிக்கை போயிருந்தால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது என்று விதியே தடுக்கிறது. ஆகவே மேலாளரிடம் கோபப்படாதீர்கள்.

அறிக்கை போவதும் வழக்கு வருவதும் ஒன்றல்ல. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் பட்டியலிட்டுள்ள ஒரு குற்றத்தின் வழியாக வந்த பணமாக இருந்தால்தான் பணமோசடிக் குற்றம் உருவாகும் என்பதை விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மஞ்சள் விற்ற பணம்தான் என்பதைக் காட்ட விற்பனைப் பட்டியல், ரொக்கப் புத்தகம், ஜிஎஸ்டி கணக்கு ஆகியவற்றை ஆடிட்டரிடம் கொடுத்துத் தேதிவாரியாகச் சரிபார்த்து வையுங்கள். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியிருந்தால், அது வருமான வரிச் சட்டத்தின்படி வாங்கிய தொகைக்குச் சமமான அபராதத்துக்கு உரிய தனிச்சிக்கல். அதை ஆடிட்டரிடம் மறைக்காதீர்கள்.

கணக்கை எந்த அதிகாரத்தின் பேரில் நிறுத்தினார்கள் என்று எழுத்து மூலம் கேட்டு, கடிதத்தைப் பெற்றதற்கான ஒப்புகையை வாங்குங்கள். காவல்துறையோ அமலாக்கத்துறையோ ஆணையிட்டிருந்தால், ஆணையின் எண்ணையும் அனுப்பிய அலுவலகத்தையும் கேளுங்கள். காவல்துறை ஆணையை எதிர்க்க வேண்டிய இடம் நீதிமன்றம், அமலாக்கத்துறை ஆணையை எதிர்க்க வேண்டிய இடம் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழான தீர்ப்பளிக்கும் ஆணையம். வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்களை (கேஒய்சி) புதுப்பிக்காததுதான் காரணம் என்றால், கெடுவுக்கு முன் மூன்று அறிவிப்பும் பின் மூன்று நினைவூட்டலும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றாவது கடிதமாக, அனுப்பப்பட்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வகுத்திருக்கிறது. அவை வந்தனவா என்று பாருங்கள். 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்தப் புகாரை வழக்கறிஞர் வழியாக அனுப்பினால் ஏற்கமாட்டார்கள். நீங்களே கையெழுத்திட்டு அனுப்புங்கள்.