வகுப்பில் முதலிடம், வேலையில் பின்தங்கல்: படித்தது வீணா?

வகுப்பில் முதலிடம் பிடித்தும் எட்டு மாதமாக வேலையில் பெயர் எடுக்க முடியவில்லை, தட்டுத்தடுமாறித் தேறிய நண்பர் முந்திவிட்டார், படித்ததெல்லாம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லைங்க. 1996இல் ரோத் என்ற ஆய்வாளரின் குழுவினர், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து வெளியிட்ட தொகுப்பாய்வு, மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு உண்டு என்றே காட்டியது. ஆனால் படிப்பு முடிந்து ஆண்டுகள் கூடக் கூட அந்தத் தொடர்பு தேய்கிறது.

தேர்வில் கேள்வியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வேலையில் கேள்வி என்னவென்றே நாம்தான் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இது பிடிபட நாளானது. ஓர் அறிக்கையை இரண்டு வாரம் மெருகேற்றிக் கொடுத்தேன். மேலாளருக்கு வேண்டியிருந்ததோ ஒரே ஓர் அட்டவணை. அப்புறம்தான் இரண்டாம் நாளே அரைகுறை வரைவைக் காட்டி, "இதுதானே வேண்டும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். அடுத்த வேலையில் நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.