மான்செஸ்டர் பை தி சீ: போலீஸ் விட்ட பிறகும் லீ ஏன் துப்பாக்கியைப் பறிக்கிறான்?

விட்டுவிட்டதால்தான் பறிக்கிறான். "வழக்கே இல்லை, போகலாம் என்ற பிறகு எதற்குச் சாக முயல்கிறான்?" என்று கேட்டிருந்தீர்கள். கணப்பின் முன் தடுப்பை வைக்க மறந்து, நள்ளிரவில் பீர் வாங்க நடந்துபோனவன் இந்தப் படத்தின் நாயகன் லீ. அதனால் வீட்டில் பற்றிய தீயில் அவனுடைய மூன்று குழந்தைகளும் இறந்துபோனார்கள். மறதி குற்றமல்ல என்று அதிகாரி சொன்னதும், அவன் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த தண்டனை இல்லாமல் போகிறது. அதைத் தானே நிறைவேற்றப் பார்க்கிறான்.

உங்கள் குழப்பத்துக்குப் படத்தொகுப்பும் காரணமாக இருக்கலாம். வக்கீல் அறையில், இறந்துபோன அண்ணன் ஜோவின் உயில் பற்றிய பேச்சுக்கு நடுவே, ஆண்டு எதுவும் போடாமல் பழைய காட்சிகள் நுழைகின்றன. ஜோ உயிரோடு நடமாடினால் அது கடந்த காலம்.

முன்பகுதியில் வரும் மதுக்கடைச் சண்டையை மறுபடி பாருங்கள். தன்னைப் பார்த்தார்கள் என்பதற்காக முன்பின் தெரியாதவர்களை அடிக்கிறான். அடி வாங்கவே போகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இது என் வாசிப்பு மட்டுமே. 2016இல் வந்த இந்தப் படத்தில் இயக்குநர் கென்னத் லோனர்கன் லீக்கு விளக்க வசனம் எதுவும் தரவில்லை. தன்னால் இதிலிருந்து மீள முடியவில்லை என்று இறுதியில் ஜோவின் மகன் பேட்ரிக்கிடம் சொல்வதுதான் அதிகபட்சம்.