வற்றும் குளத்துக்கு போர்வெல் தண்ணீர் விடலாமா? தாமிரபரணிப் படுகை கேள்வி-பதில்

எங்கள் குளத்து அமலைச் செடியை (ஆகாயத்தாமரை) ஜேசிபி வைத்து அள்ளினோம். ஆறே மாதத்தில் மறுபடி மூடிவிட்டது. எங்கே தப்பு? (முன்னீர்பள்ளம் வாசகர்)

அள்ளிய செடியை எங்கே போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிடுகிறார்கள். ஒரு நல்ல மழைக்கு அது வழுக்கிக் குளத்துக்குள்ளேயே இறங்கும். கரைக்கு வெளிப்பக்கம், மறுகால் ஓடையும் (குளம் நிறைந்து வழியும் தண்ணீர் போகும் வழி) வாய்க்காலும் எட்டாத இடத்தில் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் வாடவிட்ட பிறகு வண்டியேற்றினால் கூலி மிச்சம். அந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

அடுத்தது வரத்துக்கால், அதாவது குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். மேல்குளத்தில் செடி இருந்தால், தண்ணீர் திறந்த அன்றே தாய்ச்செடி உங்கள் குளத்துக்கு வந்துவிடும். காலின் வாயில் மூங்கிலையோ காலி கேன்களையோ கயிற்றில் கோத்துக் குறுக்கே மிதக்கவிடுங்கள். சேர்வதை வாரம் ஒரு தடவை அள்ள வேண்டும். பெருவெள்ளத்தில் சட்டென அவிழ்க்கும்படி ஒரு முனையைச் சுருக்குப் போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடைத்துக்கொண்டு கால் உடைப்பெடுக்கும்.

விதை வேறு இருக்கிறது. சேற்றில் விழுந்தது இருபது வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். தண்ணீர் இறங்கும்போது ஓரத்து ஈரச்சேற்றில் நாற்றுபோல முளைக்கும். விரல் நீளத்தில் கையாலேயே பிடுங்கிவிடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் மறுபடி ஜேசிபிதான். வண்டு விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அமலையைத் தின்னும் நியோகெட்டினா வண்டு வேலை செய்ய வருடக்கணக்காகும். செடியோடு சேர்ந்து அதுவும் காய்ந்துபோகும் என்பதால் வற்றும் குளங்களில் அது நிலைப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், சாக்கடை கலக்கிற குளத்தில் அமலை இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகும். சாக்கடையைத் திருப்பாமல் ஜேசிபிக்கு வாடகை கொடுப்பது வெட்டிச் செலவு. அந்தக் குளத்துச் செடியை மக்கவைத்துக் காய்கறிக்குப் போடவும் வேண்டாம். கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும்.

சித்திரையில் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மீனும் பறவையும் பிழைக்க போர்வெல் தண்ணீர் விடலாமா? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் வாங்கி, கோடையில் காய்வதுதான் இந்தக் குளங்களின் இயல்பு. வெடிப்பு வழியே காற்று இறங்கும்போது அடிச்சேற்றில் அழுகிக் கிடப்பதெல்லாம் மக்கி உரமாகிறது. புதுத் தண்ணீர் ஏறியதும் அந்த உரத்தில் பாசியும் புழுவும் பெருகும். அதை மீன்குஞ்சு தின்னும், மீன்குஞ்சை நாரை தின்னும்.

வெடித்த பாளம் ஒன்றைக் கம்பால் நெம்பிப் பாருங்கள். கொட்டிக்கிழங்கும் அல்லிக்கிழங்கும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். நத்தை தன் ஓட்டு வாயை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றில் புதைந்திருக்கும். நத்தைகுத்தி நாரையின் அடுத்த வருடச் சாப்பாடு அது. வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கன் கெளுத்தியும் அமலையும்தான் குளத்தை ஆளும். போதாததற்கு, குளத்தால் ஊறிய நிலத்தடி நீரையே உறிஞ்சி வெயிலில் ஆவியாக்குகிறீர்கள்.

உதவ வேண்டுமென்றால் ஒன்று செய்யலாம். மடைக்கு முன்னால் இருக்கும் கடைசிப் பள்ளத்தை மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலத்தில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். அதில் தங்குகிற விராலும் கெண்டையும்தான் அடுத்த தண்ணீருக்கு விதைமீன்.

வயலுக்குக் குளத்துக் கரம்பை (வண்டல் மண்) அள்ளப் போகிறோம். பறவைகளுக்குக் கெடுதல் இல்லாமல் எப்படித் தோண்டுவது? (நாங்குநேரி வாசகர்)

அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. டிராக்டர் கணக்கில் 25 லோடு, 30 லோடு. அனுமதி வட்டாட்சியரிடம்.

கெடுதல் பெரும்பாலும் அளவால் வருவதில்லை, தோண்டும் விதத்தால் வருகிறது. வண்டிக்குத் தோதான ஒரே இடத்தில் செங்குத்தாகக் கிணறு மாதிரி வெட்டுகிறார்கள். உள்ளானுக்கு இரண்டு விரற்கடைத் தண்ணீர் போதும். அரிவாள்மூக்கனுக்குக் கணுக்கால் ஆழம், சங்குவளை நாரைக்கு முழங்காலுக்குக் கீழே. இடுப்பளவு ஆழத்தில் இவை எதுவும் இரை தேட முடியாது. நீர்க்காகமும் கூழைக்கடாவும்தான் வரும். ஆகவே பரவலாக, மேலாக வழித்தெடுங்கள். விளிம்பு பத்தடிக்கு ஓரடி என்று சரிந்து இறங்கட்டும். தண்ணீர் மெல்ல வற்றும்போது அந்தச் சரிவில் ஒவ்வொரு வாரமும் புதிய இரைத்திடல் ஒன்று வெளிப்படும்.

கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டவே கூடாது. கரையைத் தாங்குவது அந்த மண். களி முடிந்து மணலோ சரளையோ தலைகாட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடிக்களியைப் பொத்துவிட்டால் குளம் தண்ணீர் தாங்காது. விவசாயத்துக்கு உதவாத மண் மிஞ்சினால், உள்வாயில் (குளத்தின் உட்பரப்பில்) நிறைமட்டத்துக்கு மேலே இரண்டடி நிற்கும்படி திட்டாக்கி நாட்டுக் கருவேல் நடுங்கள். கரையிலிருந்து நாயும் பூனையும் எட்டாத தூரம் முக்கியம்.

சீமைக் கருவேலில் நாரை கூடு கட்டுகிறது. மரத்தை வெட்டலாமா? (மூலைக்கரைப்பட்டி வாசகர்)

கூடுகள் காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு, ஒரே வருடத்தில் முழுவதையும் எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக. நட்ட நாட்டுக் கருவேல் கூடு தாங்கும் அளவு வளரும்வரை ஒரு பகுதி நிற்கட்டும். எடுப்பதைத் தூரோடு எடுங்கள். மேலே வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். நெற்று விழும் காலத்தில் ஆடுமாடுகளை அங்கே மேய விடாதீர்கள். விதை புழுக்கையோடு அடுத்த குளத்துக்குப் போய்விடும்.

ஆற்றங்கரைக்கும் குளக்கரைக்கும் என்ன மரம் நடலாம்? (சேரன்மகாதேவி வாசகர்)

இரண்டும் வேறு. ஆற்றில் தண்ணீரோரம் நாணல், தாழை. சரிவில் நொச்சி, புங்கு. மேட்டில் மருது, நாவல், இலுப்பை. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வடிந்த தை மாதம் நடுங்கள். ஐப்பசியில் நட்டால் ஆறே கொண்டுபோய்விடும். மூன்றடிக்குக் குறைந்த கன்று நாணலுக்குள் மூச்சுமுட்டிச் சாகும். குளக்கரையில் பனை மட்டும் போதும். பெரிய மரம் பட்டுப்போனால் மக்கிய வேர் குழாய்போல் ஆகி, அதன் வழியே தண்ணீர் கசியும். உடைப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

படுகையில் மனை வாங்குகிறோம். மூன்றடி மண் போட்டு உயர்த்தினால் வெள்ளம் வராதல்லவா? (பாளையங்கோட்டை வாசகர்)

உங்கள் மனைக்கு வராமல் பக்கத்து வீட்டுக்குப் போகும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மறுகால் தண்ணீர் பழைய தடத்தைத்தான் தேடும். வாங்கும் முன் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) எடுத்து, ஓடையோ வாய்க்காலோ குறித்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே உள்ள குளத்தின் மறுகால் எந்தப் பக்கம் விழுகிறது என்று மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அந்த ஊர் நீர்பாய்ச்சியிடம் கேளுங்கள். அவர் கைகாட்டும் திசையில் மனை இருந்தால் வாங்காதீர்கள்.

கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது போகலாம்? (தென்காசி வாசகர்)

தை முதல் சித்திரை வரை. வரித்தலை வாத்து பார்க்க வேண்டுமென்றால் மாசிக்குள். மணிமுத்தாறு தண்ணீர் வராத வருடம் கூட்டம் குறையும்; விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்குள் தெருமரங்களிலேயே கூடுகள் இருக்கும், டிரோன் வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் குஞ்சைக் கண்டால் நீங்கள் இரை கொடுக்காமல் வனத்துறை ஊழியரிடம் சொல்லுங்கள்.